ரெண்டு மாசத்துக்கு மட்டும்

எங்கள் டீன் வேறொரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போகிறார் என்ற செய்தி காலையில் வந்தது. அன்று பிற்பகலே டீன் அலுவலகத்து சூப்பிரண்டு அம்மா ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொல்லி, கைப்பிடி இல்லாத பழைய மர நாற்காலி ஒன்றை வெளியே எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உத்தரவு வரவில்லை. போகிற டீன் தன் புத்தகங்களைக் கூடக் கட்டி முடிக்கவில்லை.

அந்த நாற்காலியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அது யாருக்கு என்று எங்கள் அறிவியல் புலத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவரைப் பொறுப்பம்மா என்போம். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பொறுப்பம்மா. விலங்கியல் துறைப் பேராசிரியர். ஒரு டீன் போய் இன்னொரு டீன் வரும் வரை இடத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பொறுப்பு டீன் என்று பெயர். சம்பளம் பழையதுதான், வேலை மட்டும் இரண்டு மடங்கு. அந்தப் பொறுப்பு இதுவரை மூன்று முறை அவர் தலையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அப்போதைய துணைவேந்தர் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "ரெண்டு மாசத்துக்கு மட்டும், மேடம்." துணைவேந்தர்கள் மாறினார்கள், வாக்கியம் மாறவில்லை. அந்த இரண்டு மாதம் ஒருமுறை கூட ஒரு வருடத்துக்குள் முடிந்ததில்லை.

பணி மூப்பில் அவர் முதல், நான் அடுத்தவன். நிலவியல் துறை. பாறைகளோடு காலம் தள்ளுகிறவன். பாறைகளிடம் எனக்குப் பிடித்தது, அவை கூட்டம் போடுவதில்லை. பொறுப்பம்மாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பது மழைநாளில் நல்ல கூரைக்குக் கீழே நிற்பதைப் போன்றது. இத்தனை வருடத்தில் என்மேல் ஒரு தூறல் விழுந்ததில்லை.

"முடியாது" என்று சொல்ல அவரால் முடியாது. அதுதான் அவருடைய ஒரே வியாதி. யார் என்ன கேட்டாலும், தலையைக் கொஞ்சம் சாய்த்து, "சரி, பார்க்கலாம்" என்பார். ஊரில் வேறு யாராவது பார்க்கலாம் என்று சொன்னால் அந்தக் காரியம் நடக்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இவர் சொன்னால் நாளைக் காலைக்குள் நடந்துவிடும். எனக்கு இதைக் கண்டால் ஆத்திரம் வரும். "நானா இருந்தா முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருப்பேன், மேடம்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "நீங்க சொல்லுவீங்க, சார்" என்று சிரிப்பார்.

முதல் தடவை அவருக்கு நாற்பது சொச்சம் வயது. அப்போதிருந்த டீன் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு விருப்ப ஓய்வில் போய்விட்டார். பொறுப்பம்மா அந்த அறைக்குள் போனபோது, உண்மையைச் சொன்னால், ஆசையோடுதான் போனார். அவருக்கு டீன் ஆக வேண்டும் என்றிருந்தது. செய்ய வேண்டியவை என்று பத்து விஷயம் மனதில் வைத்திருந்தார். அவற்றில் முதலாவது, ஆய்வகக் கட்டடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. அதுவரை மாணவிகள் அடுத்த கட்டடம் வரை ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆண் டீன்கள் ஐந்து பேருக்கு இது கண்ணிலேயே படவில்லை.

பொறுப்பேற்ற அன்று பெரிய நாற்காலியில்தான் உட்கார்ந்தார். மதியம் பதிவாளர் எதற்கோ வந்தார். வாசலிலேயே நின்று, "பரவாயில்லையே மேடம், நாற்காலி வசதியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். பொறுப்பம்மாவும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் காலை ஸ்டோர் ரூமிலிருந்து அந்த மர நாற்காலியை வரவழைத்து, பெரிய மேசையின் பக்கவாட்டில் போட்டுக்கொண்டார். மூன்று முறையும் புலத்தை அவர் நடத்தியது மேசையின் ஓரத்திலிருந்துதான். வருகிறவர்கள் முதலில் காலி நாற்காலியைப் பார்ப்பார்கள், பிறகு கழுத்தைத் திருப்பி அவரைப் பார்ப்பார்கள்.

சில மாதங்கள் கழித்து நிரந்தர டீன் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவர் நினைத்தபோதுதான் எங்கள் பல்கலைக்கழகத்தின் அருமையான வழக்கம் ஒன்று அவருக்குத் தெரியவந்தது. புதிய டீனைத் தேடும் குழுவைக் கூட்டுவது பொறுப்பு டீனின் வேலை. தேதி குறிப்பது, வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்ப்பது, வளாகத்தைச் சுற்றிக்காட்டுவது, குழுவுக்குத் தேநீருக்குச் சொல்வது, எல்லாம் அவர்தான். குழுவைக் கூட்டுகிறவரே விண்ணப்பிக்கக் கூடாது.

"அப்ப வேற யாராவது கூட்டட்டுமே, சார். விதியில எங்க இருக்கு?" என்று பதிவாளரிடம் கேட்டார்.

"விதியில இல்லைங்க மேடம். வழக்கம்."

விதியாக இருந்தால் திருத்தலாம், வழக்கத்தை என்ன செய்வது? போட்டிக்கு வந்தவர்களை அவரே கூட்டிப்போய் ஆய்வகங்களைக் காட்டினார். அதில் ஒருவர், "நீங்க ஏன் அப்ளை பண்ணலை, மேடம்?" என்று அக்கறையாகக் கேட்டார். அவர்தான் பிறகு தேர்வானார். வந்ததும் புலம் முழுக்கச் சுண்ணாம்பு, சாந்து, சாரம் என்று ஆக்கிவிட்டதால் அவருக்குக் கட்டட டீன் என்று பெயர் வைத்தோம். பொறுப்பம்மா அனுமதி வாங்கி, ஆள் பிடித்து, குழாய் வரைக்கும் போட்டு முடித்திருந்த கழிப்பறையை இந்தக் கட்டட டீன் திறந்துவைத்தார். சுவரில் பதித்த கல்லில் அவர் பெயர்தான் இருக்கிறது. உழுகிறவன் ஒருவன், அறுக்கிறவன் ஒருவன். ஆனால் கழிப்பறைக்குக் கல்வெட்டு வைத்த மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

கட்டட டீனுக்குப் பிறகு சூட்கேஸ் டீன் வந்தார். மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு மாநாட்டில் இருப்பார். அவருக்குப் பிறகு, இப்போது போகிற புன்னகை டீன். எதைக் கேட்டாலும் சிரிப்பார், கோப்பு மட்டும் திரும்பி வராது. இவர்களுக்கு நடுவிலெல்லாம் பொறுப்பம்மா. ஒரு டீன் கிளம்பும்போது வருகிறவரைக் கூட்டிக்கொண்டு எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றுப் போவது எங்கள் ஊர் மரியாதை. புது டீனோடு பொறுப்பம்மா கூடவே நடந்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார். அவர் பொறுப்பேற்கும்போது மட்டும் கூட நடக்க ஆள் இருக்காது, ஏனென்றால் பழையவர் அதற்குள் வண்டியேறியிருப்பார். தனியாகவே சுற்றி வருவார். எல்லோரும் உட்கார்ந்தபடியே, "மறுபடியும் நீங்களா மேடம்? அப்ப கவலை இல்லை" என்பார்கள்.

அந்தக் "கவலை இல்லை"தான் அவரைக் கவிழ்த்தது. தேர்வுகள் நேரத்துக்கு நடந்தன. சண்டைகள் அவர் அறைக்குள்ளேயே தீர்ந்தன. ரசாயனங்கள் தீரும் முன் வந்து சேர்ந்தன. டீன் பதவி காலியாக இருக்கிறது என்பதே மேலே இருப்பவர்களுக்கு மறந்துபோகும். தேடல் குழு எப்போது கூடும் என்று கேட்டால், துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து ஒரே பதில்தான் வரும்: "புலம் நல்லாத்தானே ஓடுது, என்ன அவசரம்?" மோசமாக நடத்தியிருந்தால் இரண்டே மாதத்தில் விடுதலை கிடைத்திருக்கும். அவருக்கு மோசமாக நடத்தத் தெரியவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள். எங்கள் புலத்தில் பொறுத்தவர் ஒருவர், ஆண்டவர்கள் வேறு.

இவ்வளவுக்கும் அவர் மனசு இருந்த இடம் வேறு. நத்தைகள். கடலோரப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும், சுண்டுவிரல் நகம் அளவு நத்தை. புத்தகங்களில் அது ஒரே இனம் என்று இருக்கிறது. இல்லை, பார்க்க ஒன்று போலிருக்கும் இரண்டு இனங்கள் என்பது இவர் கட்சி. முட்டையிடும் காலம் வேறு வேறு என்று காட்டிவிட்டால் போதும். ஆனால் அதற்கு ஒரு முழு வருடம், எல்லாப் பருவத்திலும், அந்தப் பாறைகளிலேயே இருந்து பார்க்க வேண்டும். விடுமுறைக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்தால் நடக்காது.

அதற்குத்தான் ஆய்வு விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. நான் இரண்டு முறை எடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டது பொறுப்பு டீனாக இருந்த அவர்தான். அவர் மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்று முறையும் அந்த நேரம் பார்த்து ஒரு டீன் கழன்றுகொண்டார். மாற்று ஆள் இல்லாமல் விடுப்பு இல்லை. பொறுப்பில் இருப்பவருக்கு மாற்று யார்?

ஒவ்வொரு முறை பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பும்போதும் தொட்டிகளில் நத்தைகள் செத்துக் கிடக்கும். கடல்நீர் மாற்ற ஆளிருக்காது. கடைசித் தடவை தொட்டிகளே இல்லை. அந்த இடத்தில் வேறு யாருடைய கருவியோ பிளாஸ்டிக் உறை போட்டு உட்கார்ந்திருந்தது. "மேடம்தான் டீன் ரூம்ல இருக்காங்களே, இங்க இடம் சும்மாதானே கிடக்குன்னு..." என்று துறைத் தலைவர் இழுத்தார். பொறுப்பம்மா சரி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரத்தில் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களில் மறுபடி ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் கருவியைத் தூக்கி வெளியே எறிய வேண்டும் போலிருந்தது.

இந்த முறை விஷயம் வேறு. விடுப்பு முடிந்து வந்து ஒரு வருடமாவது வேலை பார்க்க வேண்டும் என்பது விதி, வழக்கமல்ல. பொறுப்பம்மா ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. இந்த வருடம் போகாவிட்டால் இனி எப்போதும் இல்லை. விண்ணப்பம் கொடுத்து, புன்னகை டீன் ஆச்சரியமாக அதில் கையெழுத்தும் போட்டு, துணைவேந்தர் மேசைக்குப் போயிருந்தது. கடலோரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அவருடைய கணவர் கண்ணாடிக் குப்பிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிகளில் அடுக்கியும் முடித்துவிட்டார். அப்போதுதான் புன்னகை டீனுக்குப் பதவி உயர்வு வந்தது.

துணைவேந்தர் அவரை மறுநாள் வரச் சொல்லியிருந்தார். எதற்கு என்று கேட்கவே வேண்டாம். அன்று மாலை அவர் கணவர் எனக்கு ஃபோன் செய்தார். "தம்பி, கொஞ்சம் வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்களேன். இவளுக்கு ஒரு ஒத்திகை நடத்தணும்."

அவர் பல் மருத்துவர். போன வருடம் மருத்துவமனையை மூடிவிட்டார். ஏன் என்று யாரும் கேட்டால், "எல்லார் வாயையும் பார்த்தாச்சு, அலுத்துப்போச்சு" என்பார். நான் போனபோது சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, துணைவேந்தராக உட்கார்ந்திருந்தார். எதிரே பொறுப்பம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"வாங்க மேடம், உட்காருங்க. காபி சாப்பிடறீங்களா?" என்றார் துணைவேந்தர்.

"வேண்டாம், சார்."

"பார்த்தீங்களா தம்பி? வேண்டாம்னு சொல்ல வாய் வருது." மறுபடி குரலை மாற்றிக்கொண்டார். "ஒரு சின்ன உதவி, மேடம். ரெண்டு மாசத்துக்கு மட்டும்."

"சார், இந்தத் தடவை எனக்கு என்னன்னா, கொஞ்சம்..."

"தெரியும் மேடம். உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனா உங்களை விட்டா வேற யாரு இருக்கா, சொல்லுங்க?"

பொறுப்பம்மா யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

அவர் கணவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முப்பது வருஷம் பல்லு புடுங்கியிருக்கேன். கடவாய்ப் பல்லு கூட ரெண்டு ஆட்டு ஆட்டினா கையோட வந்துடும். இவ வாயிலேர்ந்து ஒரு முடியாது வரமாட்டேங்குதே!"

நான் சிரித்தேன். பொறுப்பம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்த முகத்தில் அது சரியாக ஒட்டவில்லை. "விளையாட்டு இல்லைங்க, எனக்கு நிஜமாவே அலுப்பா இருக்கு" என்றார். "போய் உட்கார்ந்து, அதே கோப்பு, அதே சண்டை. முடியாதுன்னு சொல்லவும் தெம்பு வேணும் போல. சரின்னு சொல்றது சுலபமா இருக்கு."

மறுபடியும் ஒத்திகை நடந்தது. இந்த முறை நான் துணைவேந்தர். நான் மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மிரட்டலுக்கு அவர் அசையவில்லை. கெஞ்சினால் உடனே கரைந்துபோனார். கடைசியில் அவர் கணவர் எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்தார். என்னிடம் நீட்டும்போது கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. அவர் அதைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மருத்துவமனையை ஏன் மூடினார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என்னை வழியனுப்ப வாசல் வரை வந்த பொறுப்பம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கவனிச்சீங்கதானே, சார்? கை மட்டும்தான் இப்போதைக்கு. கால்ல அவ்வளவா தெரியலை. பாறை மேல எனக்கு வாளி தூக்கிட்டு நடக்கறதா முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கார். நடக்கணும்னா இந்த வருஷம்தான்."

"நாளைக்கு நானும் கூட வரேன், மேடம். வெளியில உட்கார்ந்திருக்கேன். உள்ள பேசும்போது நான் வெளியில இருக்கேன்னு நினைச்சுக்கோங்க. முகத்துக்கு நேரா சொல்லிட்டு வாங்க" என்றேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

துணைவேந்தர் அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு உண்டு. மேலே முன்னாள் துணைவேந்தர்களின் படங்கள். எல்லோரும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். பொறுப்பம்மா உள்ளே போகும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினேன். கதவு மூடியது.

நெடுநேரம் ஆயிற்று. முடியாது என்று சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது. உள்ளே கரைந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அட்டைப்பெட்டிகளை அவர் கணவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் குப்பிகளை மறுபடி பரணில் ஏற்றுவது கண்முன் வந்தது. கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, சுவரில் இருந்த அத்தனை கோட்டுகள்மேலும் வந்தது.

கதவு திறந்தது. உதவியாளர் எட்டிப் பார்த்தார். "சார், உங்களையும் உள்ள கூப்பிடறாங்க."

உள்ளே துணைவேந்தர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொறுப்பம்மா எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"உட்காருங்க சார். நீங்களாவது மேடம்கிட்ட சொல்லுங்க" என்றார் துணைவேந்தர். "பொறுப்பா எடுத்துக்கோங்கன்னு நான் கேட்கவே இல்லை. இந்தத் தடவை நிரந்தரம். தேடலும் வேண்டாம், குழுவும் வேண்டாம், அந்த வழக்கத்தையே நான் தூக்கிடறேன். ஓய்வு பெறும்போது டீனாவே ஓய்வு பெறட்டும். கரும்பு தின்னக் கூலி கேட்பாங்களா யாராவது? வேண்டாங்கறாங்க."

நிரந்தரம். இதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

"நீங்க நல்ல மனசோட கேட்கறீங்க, சார்" என்றார் பொறுப்பம்மா. குரல் சன்னமாக இருந்தது, ஆனால் ஆடவில்லை. "முதல் தடவை யாராவது இப்படிக் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். ரெண்டாவது தடவை கூட வந்திருப்பேன். எவ்வளவு ஆசையா இருந்ததுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை. இப்ப அந்த ஆசையைத் தேடிப் பார்க்கறேன், கிடைக்கலை. எங்க வச்சேன்னு தெரியலை. என்னால முடியாது, சார்."

சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. சொன்னதும் அவரே கொஞ்சம் பயந்தவர் போலக் கைப்பையை இறுக்கிக்கொண்டார்.

துணைவேந்தர் பெருமூச்சு விட்டார். மேசைமேல் பொறுப்பம்மாவின் விடுப்பு விண்ணப்பம் இருந்தது. அதன்மேல் பேனா மூடியோடு கிடந்தது. "சரி மேடம், உங்க இஷ்டம். லீவுக்கு நான் குறுக்க நிக்கலை. ஆனா புலத்தைப் பார்த்துக்க ஆள் இல்லாம நான் இதுல கையெழுத்துப் போட முடியாது. பின்ன யாருன்னு கேட்டேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த சீனியர் வெளியிலதான் உட்கார்ந்திருக்கார்னு மேடம் சொன்னாங்க."

நான் பொறுப்பம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே ஏதோ பறவையைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். அங்கே பறவை எதுவும் இல்லை.

"ஒரு சின்ன உதவி, சார்" என்றார் துணைவேந்தர். "ரெண்டு மாசத்துக்கு மட்டும்."

எத்தனை வருடமாக நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியது, ஒரே சொல், நாலெழுத்து. எனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. பாதி எழுதிய புத்தகம் ஒன்று கிடக்கிறது. கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. எல்லாம் நியாயமான காரணங்கள். வாயைத் திறந்தேன். பேனா மூடியோடு கிடந்தது. தட்டில் கோப்பை கடகடவென்று ஆடிய சத்தம் காதில் கேட்டது.

"சரி, பார்க்கலாம், சார்" என்றேன்.

துணைவேந்தர் பேனாவைத் திறந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து, படங்களைக் கடந்து, படிக்கட்டுத் திருப்பம் வரை நடந்தோம். அங்கே வெடித்தேன். "என்ன மேடம் இது? கூட வந்த பாவத்துக்கு இப்படி மாட்டி விட்டுட்டீங்களே!"

"நீங்கதானே சார் எப்பவும் சொல்லுவீங்க, நானா இருந்தா முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லிடுவேன்னு. சொல்லிடுவீங்கன்னுதான் நானும் நினைச்சேன்" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தார். மாணவர்கள் இரண்டு மூன்று பேர் ஒதுங்கி இறங்கிப் போனார்கள். "நிரந்தரம்னு சொன்னார், சார். கேட்டீங்களா? இத்தனை வருஷம் கழிச்சு நிரந்தரம்னு சொன்னார்" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பதவி அவருக்கு உரியது. அதைக் காலத்தில் கொடுக்காத எங்கள் எல்லோர்மேலும் எனக்கு வெறுப்பு வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நான் பொறுப்பேற்ற அன்று எல்லாத் துறைகளுக்கும் என்னோடு அவரும் சுற்றுக்கு வந்தார். வரவேண்டியதில்லை, அன்றைக்கு அவர் விடுப்பில் இருந்தார். "தனியா நடக்கறது நல்லா இருக்காது, சார்" என்றார்.

அறைக்கு வந்தால் மேசையின் பக்கவாட்டில் கைப்பிடி இல்லாத மர நாற்காலி போட்டிருந்தது. "இதைத் தூக்கிட்டுப் போங்கம்மா" என்று சூப்பிரண்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு, பெரிய நாற்காலியில் வேண்டுமென்றே சாய்ந்து உட்கார்ந்தேன். யாராவது வந்து வசதியாக இருக்கிறதா என்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பொறுப்பம்மா அதைப் பார்த்துவிட்டு, "உங்களை யாரும் கேட்கமாட்டாங்க, சார்" என்று மட்டும் சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவர் போய் இப்போது இரண்டு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. முதலில் தினமும் ஃபோன் செய்தார். மூன்றாம் மாடித் தண்ணீர்க் குழாயைப் பார்த்தீர்களா, வேதியியல்காரர்கள் இரண்டு பேரையும் ஒரே குழுவில் போடாதீர்கள் என்று. பின்னால் கடல் இரைச்சலும், ஃபோனை வை என்று அவர் கணவர் போடும் சத்தமும் கேட்கும். "அவர் சொல்றதைக் கேளுங்க, மேடம்" என்று நானும் வைத்துவிடுவேன். இப்போது ஃபோன் குறைந்துவிட்டது. போன வாரம் ஒரு படம் வந்தது. பாறைமேல் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு அவர் கணவர் நிற்கிறார். இரண்டு கையாலும் வாளியைப் பிடித்திருக்கிறார். படத்தில் நடுக்கம் தெரியவில்லை.

நான் இங்கே தேர்வுகளை நேரத்துக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். வேதியியல்காரர்களைப் பிரித்துப் போட்டுவிட்டேன். பாதி எழுதிய புத்தகம் பாதியிலேயே இருக்கிறது. இரத்தக் கொதிப்பு மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டியிருக்கிறார். இன்று காலை பொறுக்க முடியாமல் துணைவேந்தர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, தேடல் குழு எப்போது கூடும் என்று கேட்டேன்.

"புலம் நல்லாத்தானே ஓடுது, சார்? என்ன அவசரம்?" என்றார்கள்.

ஃபோனை வைத்துவிட்டு அந்தப் படத்தை எடுத்து இன்னொரு முறை பார்த்தேன். பிறகு, மூன்றாம் மாடித் தண்ணீர்க் குழாய் விஷயமாக வெளியே காத்திருந்தவரை உள்ளே வரச் சொன்னேன்.